கிரிக்கெட், யூடியூப், கேம்: கையில் இருக்கிற காசுக்கு எந்த டீவி? மலையக வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் டீவி திருத்துவது என் தொழில். விற்பதில்லை. தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாட்களிலும், ஐபிஎல் தொடங்கும் மார்ச் மாதத்திலும், பழுதான பெட்டியோடு வருகிறவர்களைவிட யோசனை கேட்க வருகிறவர்கள்தான் கூட. ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னதில் சேர்ந்தவை இவை. விலைகளை எழுதவில்லை, இன்றைக்கு எழுதினால் அடுத்த சம்பளத்துக்குள் மாறிவிடும்.

எங்கள் வீட்டுக்கு எத்தனை அங்குலம் சரி?

முதலில் அளவு நாடாவை எடுங்கள். பழைய லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) என்றால் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் கட்டில், அலுமாரி எல்லாம் போக, கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் ஆறேழு அடி மிஞ்சும். அந்தத் தூரத்துக்கு 43 அங்குலம் நன்றாகப் பொருந்தும். 32 வாங்கினால் ஸ்கோர் எழுத்தைப் படிக்கப் பாட்டி எழுந்து போக வேண்டியிருக்கும். புதிதாகக் கட்டிய வீட்டில் ஹோல் கொஞ்சம் பெரிது, ஒன்பது பத்தடி கிடைக்கிறது என்றால் 50 அல்லது 55 பற்றி யோசிக்கலாம்.

அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை. மேசையில் கொள்ளுமா என்று பார்க்க வேண்டியது அகலம். 32 அங்குலப் பெட்டி சுமார் 70 சென்றிமீற்றர் அகலம், 43 சுமார் 95, 55 சுமார் 122. இன்னொன்று: இப்போது வரும் பல டீவிகளுக்குக் கால் நடுவில் இல்லை, இரண்டு ஓரத்திலும் இருக்கிறது. மேசை சின்னதென்றால் கால் வெளியே தொங்கும். கடையிலேயே காலுக்குக் கால் அளந்துவிடுங்கள்.

4கே கட்டாயமா?

43 அங்குலத்துக்கு மேல் போனால் கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 4கே (3840க்கு 2160 புள்ளிகள்) தான், வேண்டாம் என்றாலும் கிடைத்துவிடும். அதற்காகத் தனியாகக் காசைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். 32 அங்குலத்தில் பல பெட்டிகள் 1366க்கு 768 புள்ளிகள்தான். செய்தி, நாடகம் பார்க்கப் போதும். கேம் விளையாடப் போகிறீர்கள் என்றால் 1920க்கு 1080 உள்ளதைத் தேடுங்கள்.

டீவிக்குள் என்ன வருகிறது என்பதுதான் பெரிய விஷயம். கொட்டகலையிலிருந்து ஒருவர் புத்தம்புதிய 50 அங்குலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, பழைய டீவியே இதைவிடத் தெளிவு" என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எச்டி டிஷ் பெட்டியை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் கொளுவியிருந்தார். அந்த வயரில் எச்டி வராது. 576 வரிப் படம்தான் வரும். அதை 2160 வரித் திரையில் இழுத்துப் பரப்பினால் முகமெல்லாம் மாவு பூசின மாதிரித்தான் இருக்கும். ஒரு எச்டிஎம்ஐ வயர் போட்டு, பெட்டியின் செட்டிங்கில் 1080க்கு மாற்றிக் கொடுத்தேன். இப்படி வரும் புகார்களில் பாதி வயரோடு முடிந்துவிடுகிறது. புது டீவி வாங்கும் யோசனையில் இருக்கிறவர்களும் முதலில் தங்கள் பழைய டீவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். செலவே இல்லாமல் போனாலும் போகலாம்.

எச்டி அலைவரிசைக்குப் பணம் கட்டாமல் சாதாரண அலைவரிசைகளையே பார்க்கிற வீட்டில் 55 அங்குலம் வைத்தால் குறைதான் பெரிதாகத் தெரியும். அங்கே 43 தான் அழகு.

கிரிக்கெட் பார்க்கும்போது பந்து வால் முளைத்த மாதிரி இழுபடுகிறதே?

கணக்கைப் பாருங்கள். வேகப்பந்து மணிக்கு 140 கிலோமீற்றர் என்றால் ஒரு விநாடியில் சுமார் 39 மீற்றர். நம் நாட்டு ஒளிபரப்பு விநாடிக்கு 50 அசைவு. அதாவது ஓர் அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பந்து முக்கால் மீற்றருக்கு மேல் ஓடிவிடுகிறது. அந்த இடைவெளியில் திரை எவ்வளவு சீக்கிரம் பழைய புள்ளியை அழித்துப் புதியதை எழுதுகிறதோ, அவ்வளவுக்கு வால் குறையும். மலிவான திரைகள் மெதுவாக அழிக்கும்.

அட்டைப் பெட்டியில் 'மோஷன் ரேட் 120', '200' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அது ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கும் எண். நம் காசுக்குக் கிடைக்கும் திரைகள் பெரும்பாலும் 60 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 தடவை படத்தை மாற்றும். அது போதும். மெனுவில் அசைவை மென்மையாக்கும் ஒரு வசதி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். கிரிக்கெட்டுக்கும் பந்தாட்டத்துக்கும் அதை நடுத்தரத்தில் வையுங்கள். முழுதாகக் கூட்டினால் துடுப்பைச் சுற்றி ஒரு ஆவி மாதிரித் தெரியும். படம் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ரஜினி படம்கூட நாடகம் மாதிரி ஆகிவிடும்.

கடையில் அவர்கள் ஓட்டிக் காட்டுவது மெதுவாக விரியும் பூவும் மீனும். எந்தத் திரையிலும் மீன் அழகாகத்தான் நீந்தும். யூடியூபில் ஒரு கிரிக்கெட் மேட்ச் துண்டைப் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கிறது. எல்லா டீவியும் அப்படித்தானா?

இல்லை. இதைக் கடைக்காரர்கள் பேசவே மாட்டார்கள், நம் வீடுகளுக்கோ இதுதான் முக்கியம். சின்ன அறையில் எட்டுப் பேர் இருந்தால் இரண்டு பேருக்குத்தான் நேர் எதிரே இடம். மற்றவர்கள் கட்டில் ஓரத்திலும் வாசல் படியிலும், இரண்டு பேர் இஸ்தோப்பிலும் (முன் திண்ணை).

எங்கள் லயத்தில் 1996 மார்ச் 17, லாகூர் இறுதியாட்டத்தை ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தோம். கார் பேட்டரியில் ஓடிய பெட்டி. அரவிந்த டி சில்வா சதத்தை நெருங்கும்போது பேட்டரி இறங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கித் தபால் அட்டை அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்கும் படம் ஒரே மாதிரித்தான் தெரிந்தது. பழைய குழாய் டீவியில் அந்தக் குணம் இருந்தது.

இப்போதைய திரைகளில் இரண்டு சாதி. ஐபிஎஸ் வகை பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பு. ஐபிஎஸ்ஸில் வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் ஆயிரம் மடங்கு அளவில் நிற்கும்போது விஏயில் அது மூவாயிரத்தைத் தாண்டும். ஆனால் ஓரமாக உட்கார்ந்தால் விஏ வெளுத்துப்போகும். கூட்டமாகப் பார்க்கிற வீட்டுக்கு ஐபிஎஸ். ராத்திரி விளக்கை அணைத்துத் தனியாகப் படமும் கேமும் என்றால் விஏ. எது எந்த வகை என்று அட்டையில் பெரும்பாலும் எழுதியிருக்காது, ஒரே மொடலிலேயே மாறி மாறி வருவதும் உண்டு. ஆகவே கடையில் நேரே பார்த்துவிட்டு, இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து நின்று முகங்களின் நிறத்தைப் பாருங்கள். வேறு பரிசோதனை வேண்டியதில்லை.

கியூஎல்இடி, எச்டிஆர் என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

கியூஎல்இடி என்பது பின்விளக்கு வைத்த அதே எல்சிடி திரைதான், நிறத்துக்கு ஒரு படலம் கூடுதல். ஓஎல்இடி வேறு சாமான், நம் பட்ஜெட்டில் இல்லை. எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் படம். மலிவான டீவியில் எச்டிஆர் என்றால் அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம். காட்டுவதற்கு வேண்டிய வெளிச்சம் அதற்குக் கிடையாது. இரண்டுக்காகவும் காசு கூட்ட வேண்டாம்.

ஸ்மார்ட் டீவியில் எந்த வகை நல்லது?

கூகுள் டீவி, எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன், ஹைசென்ஸின் விடா எல்லாம் சரிதான். கவனிக்க வேண்டியது 'ஆண்ட்ராய்ட்' என்று மட்டும் சொல்லி விற்கப்படும், பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளை. அவற்றில் பல கூகுளின் அனுமதி இல்லாமல் வெறும் ஆண்ட்ராய்டைப் போட்டவை. யூடியூப் ஓடும். நெட்ஃபிளிக்ஸ் ஒன்று ஓடாது, அல்லது கைப்பேசிக்கான செயலி மங்கலாக ஓடும். ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ் பொத்தான் இருப்பது மட்டும் சான்றில்லை. கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்நினைவு (ரேம்) 1.5 அல்லது 2 ஜிபியாவது இருக்கட்டும்; 1 ஜிபி உள்ளது ஒரு வருடத்தில் எருமை மாடு மாதிரி அசைய ஆரம்பிக்கும்.

திரை நன்றாக இருந்து ஸ்மார்ட் பகுதி மோசமாக இருந்தால் கவலை வேண்டாம், பிறகு ஒரு சின்ன ஸ்டிக் வாங்கிச் சொருகலாம். திரை மோசமென்றால் மாற்ற வழியில்லை.

எங்கள் பள்ளத்தில் சிக்னலே அரைகுறை. நெட்டில் மேட்ச் பார்க்க முடியுமா?

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் 1080 படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேண்டும், 4கேக்கு 15. ஃபைபர் வந்துவிட்ட டவுன்களில் இது ஒரு பொருட்டே இல்லை. தோட்டத்துப் பக்கம் 4ஜி ரவுட்டர்தான் கதி. அதை டீவிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், அதுதான் தவறு. தகரக் கூரையும் கருங்கல் சுவரும் சிக்னலைத் தின்றுவிடும். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில் ரவுட்டரை வையுங்கள். அங்கிருந்து டீவிக்கு நெட் வயர் இழுப்பது வைஃபையைவிட நிம்மதி.

டேட்டாவையும் எண்ணிக்கொள்ளுங்கள். எச்டியில் மணிக்கு 2 முதல் 3 ஜிபி. ஒரு டி20 மேட்ச் முடிய பத்து ஜிபி போகலாம். ஐபிஎல் முழுவதையும் நெட்டில் பார்க்கிறேன் என்று நிற்பவர்களிடம் டிஷ்ஷே மலிவு என்பேன்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. நெட்டில் வரும் நேரலை டிஷ்ஷைவிட அரை நிமிடம் வரை பிந்தும். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் டிஷ் இருந்தால், உங்கள் திரையில் பந்து வீச்சாளர் ஓடிவரத் தொடங்கும் முன்னரே சுவருக்கு அந்தப் பக்கம் "சிக்ஸ்!" என்று கத்திவிடுவார்கள். இதற்கு எந்த டீவியிலும் மருந்து இல்லை.

மழை வந்தால் படம் நின்றுவிடுகிறது. புது டீவி வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. டிஷ்ஷுக்கு வரும் அலையை அடர்ந்த மழை மேலேயே விழுங்கிவிடுகிறது. தூறலுக்கே நின்றால் மட்டும் டிஷ் திசை மாறியிருக்கிறதா, எதிரே சவுக்கு வளர்ந்து மறைக்கிறதா, வயர் மூட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் மே மாதத்திலிருந்து, பதுளை, பண்டாரவளைப் பக்கம் மார்கழி மழையில், இதே புகார்தான் வரிசையாக வரும்.

அட்டையில் டிவிபி-டி2 (ஐரோப்பாவின் தரைவழி டிஜிட்டல் முறை) என்று எழுதியிருந்தால் அதற்காகவும் காசு கூட்ட வேண்டாம். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு இலங்கை 2014இல் தேர்ந்தெடுத்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை.

பையன் கேம் விளையாட வேண்டும் என்கிறான். என்ன பார்க்க வேண்டும்?

எதில் விளையாடுகிறான் என்று முதலில் கேளுங்கள்.

பிளேஸ்டேஷன் 4 என்றால் அது தருவது விநாடிக்கு 60 படம், 1080. எந்த சாதாரண 60 ஹேர்ட்ஸ் டீவியும் போதும். பிளேஸ்டேஷன் 5 சில கேம்களில் 4கேயில் 120 படம் தரும். அதை முழுதாக வாங்க 120 ஹேர்ட்ஸ் திரையும் எச்டிஎம்ஐ 2.1 வாயும் வேண்டும், விலை வேறு தளத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டாலும் 60இல் அழகாகவே ஓடும். 120 ஹேர்ட்ஸுக்காகக் கடன் வாங்கிய ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். மகன் விளையாடுவது பந்தாட்ட கேம் ஒன்றே ஒன்று.

பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் ஆள் அசைவதற்கும் நடுவில் உள்ள தாமதம்தான் உண்மையில் தொல்லை. டீவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. மெனுவில் 'கேம் மோட்' போட்டால் மெருகு வேலையை நிறுத்திவிட்டுப் படத்தை நேரே திரைக்குத் தள்ளும். நூறு மில்லி விநாடி பிந்தும் ஒரு பெட்டி இருபதுக்குள் வந்துவிடலாம். வாங்கும் டீவியில் அந்த மோட் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அநேகமாகப் பையன் விளையாடுவது கைப்பேசியில்தான். வைஃபையில் திரையைப் பெரிதாக்கி விளையாடினால் தாமதம் தாங்காது, எதிரி சுட்டு முடித்த பிறகுதான் அவன் தெரிவான். வயரில் இணைக்கலாம், ஆனால் எல்லாக் கைப்பேசியும் சார்ஜ் வாய்வழியாகப் படம் அனுப்பாது. மலிவான மொடல்களில் பெரும்பாலானவை அனுப்பாது. வயர் வாங்கும் முன் கடையில் கொளுவிப் பார்த்துவிடுங்கள்.

மழைச் சத்தத்தில் டீவி கேட்கவே இல்லை!

தகரக் கூரைக்கு மேல் மேற்கு மழை கொட்டும்போது எந்த டீவியும் தோற்கும். மெல்லிய பெட்டிக்குள் இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஒன்றுக்கு எட்டோ பத்தோ வாட்ஸ், அதுவும் பின்சுவரைப் பார்த்துப் பேசும். பழைய சிடி செட் வீட்டில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். டீவியின் இயர்போன் வாயிலிருந்து ஒரு வயர் போட்டால் போதும். புதிதாக சவுண்ட்பார் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

இடி மின்னலுக்கு என்ன செய்வது? ஸ்டெபிலைசர் வேண்டுமா?

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி. அந்த நாலு மாதமும் என் மேசை நிறைந்திருக்கும். பிளக்கைக் கழற்றினேன் என்பார்கள், டிஷ் வயரைக் கழற்றியிருக்க மாட்டார்கள். மின்னல் அந்த வழியாகவும், நெட் வயர் வழியாகவும் வரும். எல்லாவற்றையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது.

ஸ்டெபிலைசர் பழைய காலத்துச் சாமான். டீவியின் பின்னால் 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் கரண்ட் இறங்கினாலும் அது சமாளிக்கும். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது பாயும் பாய்ச்சல்தான் டீவிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்ட்டைக் கொல்கிறது. கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றி, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். சர்ஜ் பாதுகாப்புள்ள பலகை வாங்கினால் நல்லதுதான், ஆனால் எர்த் இல்லாத வீட்டில் அது பாதி வேலைதான் செய்யும். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்த இடங்களில் முதலில் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் போடுங்கள். டீவிக்கு மட்டுமில்லை, பிள்ளைகளுக்கும்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

43 அங்குலம் சுமார் 80 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஐந்து மணித்தியாலம், மாதம் 12 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் உங்கள் பில் இப்போது 50க்கும் 60க்கும் நடுவில் என்றால் கவனம்: 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை வேறு. பின்விளக்கை 100இலிருந்து 60க்கு இறக்கினால் பில்லும் இறங்கும்.

எந்த டீவி அதிக காலம் உழைக்கும்?

என்னிடம் வருபவற்றில் முதலிடம் பின்விளக்கு. சத்தம் வரும், படம் இருட்டு. திரைக்குப் பின்னால் உள்ள எல்இடி பட்டை எரிந்திருக்கும். காரணம், 'விவிட்' மோடில் முழு வெளிச்சத்தில் வருடக்கணக்கில் ஓட்டியது. அது கடையின் வெளிச்சத்தில் ஆளை இழுக்க வைத்த மோட். வீட்டுக்கு வந்ததும் 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். கண்ணுக்கும் நல்லது.

பட்டையும் பவர் போர்ட்டும் மாற்றிவிடலாம். திரை உடைந்தால் கதை முடிந்தது, புது டீவிக்குக் கிட்ட வரும் விலை, வாரண்டியும் உடைவுக்குச் செல்லாது. அதனால் பெயரைவிட, அந்தக் கம்பெனிக்கு ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ திருத்தும் இடம் இருக்கிறதா, வீட்டுக்கு வருவார்களா, நீங்கள்தான் கொழும்புக்குத் தூக்க வேண்டுமா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு மழுப்பினால் பத்து வீதக் கழிவுக்கு மயங்க வேண்டாம்.

தவணைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், பெருக்கிப் பார்த்துவிட்டு. கணக்குக்காகச் சொல்கிறேன்: மாதம் 9,500 ரூபா, 24 மாதம் என்றால் 228,000. அதே பெட்டி கைக்காசுக்கு 165,000 என்றால் வித்தியாசம் 63,000. அந்தக் காசுக்கு எர்த், சர்ஜ் பலகை, எச்டிஎம்ஐ வயர், ரவுட்டர் எல்லாம் வந்து மிச்சமும் இருக்கும். தவணைத் திகதி சம்பளம் விழும் பத்தாம் திகதிக்குப் பிறகு வருகிற மாதிரிக் கேளுங்கள், பல கடைகள் ஒத்துக்கொள்ளும். முற்பணத்தில் வாங்குகிறவர்கள் அதுவும் சம்பளத்தில் கழியப்போகிற கடன்தான் என்பதை மறக்காமல், இரண்டையும் ஒரே மாதத்தில் மோத விடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து அக்கா கொண்டுவந்த டீவி ஓடுமா?

வளைகுடாவிலிருந்து வந்தால் பெரும்பாலும் ஓடும். நம் 230 வோல்டுக்குப் பொருந்துகிறதா என்று பின்பக்கம் பாருங்கள். வாரண்டி இங்கே செல்லாது. ஜப்பானில் பாவித்த பெட்டி என்றால் பல 100 வோல்ட் மட்டும். நேரே சொருகினால் ஒரு 'டப்', அவ்வளவுதான்.

சுவரில் மாட்டலாமா?

சீமெந்துச் சுவர் என்றால் சரி. பழைய லயத்துக் கல் சுவரில், மண் சாந்து உதிரும் இடத்தில், நான் மாட்டித் தர மாட்டேன்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரலாமா?

விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும். படுக்க வைக்கக் கூடாது, எப்போதும் நிமிர்த்தி. கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஆடும்போது பெட்டியின் முகத்தில் ஒருவரும் சாயாமல் பிடித்திருக்க ஒரு ஆள் வேண்டும். ரயிலில் என்றால் ஆட்டம் குறைவு. வாங்கும்போதே கடையில் ஓட்டிப் பார்த்து, திரையில் கீறலோ செத்த புள்ளியோ இல்லை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ராத்திரிப் பனியில் நனைந்து குளிர்ந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே வியர்க்கும். எல்லோரும் அவசரப்படுவார்கள். இரண்டு மணித்தியாலம் அப்படியே விட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்து முடித்து, அப்புறம் பிளக்கைப் போடுங்கள்.